மேகத்தை மறைத்த வெட்டுக்கிளி

எல்மர் ஒரு தபால்காரர். கோடை வந்துவிட்டால், விடுமுறை நாள்களில் கழுத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு மக்காச்சோளக் காடுகளைச் சுற்றிவருவார். அன்று மேற்கே மலைபோல ஒரு புயல்மேகம் எழும்பியது. அவர் காட்டோரம் மண்டியிட்டுக் குறிபார்த்தார். கேமராவில் ஒரே ஒரு படத்துக்குத்தான் சார்ஜ் மிச்சமிருந்தது.

அந்த நேரம் பார்த்து, லென்ஸுக்கு நேரெதிரே இருந்த சோள இலையில் ஒரு வெட்டுக்கிளி வந்து உட்கார்ந்தது.

"தம்பி, கொஞ்சம் தள்ளி உட்காரேன்," என்றது கேமரா. "காலையிலிருந்து இந்த மேகத்துக்காக அலைகிறார் மனிதர்."

"இது நான் தின்னும் இலை. நான் ஏன் தள்ளிப்போக வேண்டும்?" என்றது வெட்டுக்கிளி. "மேகம் அடுத்த கோடையிலும் வரும். எனக்கு இருப்பதே இந்த ஒரு கோடைதான்."

பதில் சொல்வதற்காகக் கேமரா அதை உற்றுப் பார்த்தது. தேன்நிறக் கண்ணில் மெல்லிய கோடுகள் ஓடின. பின்னங்காலில் ரம்பப் பற்கள் மாதிரி முட்கள் வரிசையாக இருந்தன. இடி உருள்வதைச் சட்டை செய்யாமல் அது மென்றுகொண்டிருந்தது.

"அப்படியே இரு, அசையாதே," என்று கேமரா தன் பார்வை முழுவதையும் அதன்மேல் குவித்தது. எல்மர் பொத்தானை அழுத்தினார்.

திரையில் மேகம் வெறும் சாம்பல் மங்கலாகத் தெரிந்தது. வெட்டுக்கிளியோ மீசை நுனிவரை துல்லியமாக இருந்தது. கேமரா பயந்துபோய்க் காத்திருந்தது.

"அடடா, எவ்வளவு அழகன்டா நீ!" என்றார் எல்மர், இலையைப் பார்த்து.

"இப்போதுதான் தெரிந்ததாமா இவருக்கு?" என்றது வெட்டுக்கிளி.

மழை கொட்டத் தொடங்கியது. எல்மர் கேமராவைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு காரை நோக்கி ஓடினார். வழிநெடுகச் சிரித்ததில் அவர் வயிறு குலுங்கியது. கேமராவும் சேர்ந்து குலுங்கியது.