பெனியாமினாவின் குரல் எங்கே?

தன் குரலை ஃபாலானிகோ திருடிவிட்டார் என்று பெரியவர் பெனியாமினா சபைப் போதகரிடம் புகார் கொடுத்தார்.

போதகருக்குப் புரியவில்லை. "இப்ப பேசிக்கிட்டுத்தானே இருக்கீங்க?" என்றார்.

"இது இல்ல பாஸ்டர். டிஸ்க்ல இருந்த குரல்."

கடலுக்கு அந்தப் பக்கம், தலைநகர் ஆப்பியாவில் சபைகளுக்கிடையே பாட்டுப் போட்டி. சவாயீ தீவிலிருந்து பாடகர் குழு மொத்தமும் கப்பலேறிப் போகவேண்டும். ஆனால் ஒத்திகைக்கு எல்லோரும் ஒன்றாக வந்தால்தானே? பாதிப் பேர் துறைமுகத்தில், பாதிப் பேர் தோட்டத்தில். அதனால் சபைச் செயலாளரான லாங்கி என்ற பெண் ஒரு ஏற்பாடு செய்தார். ஒவ்வொரு குரல் வரிசைக்கும் ஒருவரைத் தனியாகப் பாடவைத்துப் பதிவுசெய்து ஹார்ட் டிஸ்க்கில் போட்டார்.

முன்பு அந்த டிஸ்க் அவர் லேப்டாப்பில் செருகியிருக்கும். லாங்கி சந்தைக்குப் போனால் பாட்டும் கூடவே போய்விடும். அதனால் இந்த வருஷம் டிஸ்க்கை நேராகச் சபைக் கூடத்து வைஃபை பெட்டியிலேயே செருகிவிட்டார். இனி கூடத்தைச் சுற்றி எங்கே நின்றாலும் போனில் கேட்டுப் பழகிக்கொள்ளலாம்.

ஆண்களின் கீழ்க்குரலுக்குப் பெனியாமினா. வெகுகாலமாக அவர்தான். பாடிக் கொடுத்தார், மறுநாள் டிஸ்க்கில் இல்லை. மறுபடி பாடினார், அதுவும் போய்விட்டது. மற்றவர்கள் பாடியதெல்லாம் பத்திரமாக இருந்தது.

வரிசையில் பெனியாமினாவுக்கு அடுத்து நிற்பவர் ஃபாலானிகோ. இவர் விலகினால் முதலிடம் அவருக்கு. அப்புறம் யாரைச் சந்தேகப்படுவதாம்?

ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது பெனியாமினா ஊரறியச் சொல்லிவிட்டார்.

"டாரோ கிழங்கை எல்லாரும் பத்திரமா பாத்துக்குங்கப்பா. குரலையே எடுத்தவன் கிழங்கையா விடப்போறான்?"

ஃபாலானிகோ எடுத்த கிழங்கைத் தட்டிலேயே வைத்துவிட்டு மீனை மட்டும் சாப்பிட்டார்.

அத்தோடு விடவில்லை பெனியாமினா. ஆப்பியாவுக்கு அவன் வந்தால் நான் வரமாட்டேன் என்றார். பாடகர் குழுவில் பாதி அவருடைய சொந்தக்காரர்கள். அவர் கப்பலேறாவிட்டால் அவர்களும் ஏறமாட்டார்கள்.

வேறு வழியில்லாமல் போதகர் லாங்கியையும் ஃபாலானிகோவையும் கூப்பிட்டு விசாரித்தார். லாங்கி ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஃபாலானிகோ முந்திக்கொண்டார்.

"நான்தான் பாஸ்டர் அழிச்சேன்."

"எதுக்கு?"

"பொறாமைன்னு வெச்சுக்குங்க."

போதகர் இப்படி ஒரு பதிலை எதிர்பார்க்கவில்லை. உன்னை எவ்வளவு நல்லவன் என்று நினைத்திருந்தேன், இந்த வயதில் இந்தப் புத்தியா என்று நெடுநேரம் கடிந்துகொண்டார். அடுத்த ஒத்திகைக்குள் அந்தக் குரல் டிஸ்க்குக்குத் திரும்பி வந்தாகவேண்டும், எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். ஃபாலானிகோ இரண்டுக்கும் தலையாட்டினார்.

ஒத்திகை நாளன்று மன்னிப்புக் கேட்பதைப் பார்க்கவே எல்லோரும் வந்துவிட, கூடம் நிறைந்திருந்தது. லாங்கி போனில் பெனியாமினாவின் பெயரைத் தேடி அழுத்தினார்.

ஸ்பீக்கரில் கீழ்க்குரல் எழுந்தது. ஆழமாக, பிசிறில்லாமல், ஒவ்வொரு அடியும் நின்று நிதானமாக. ஜன்னல் கண்ணாடிகள் லேசாக அதிர்ந்தன. பெனியாமினா கண்ணை மூடிக்கொண்டு விரலால் தாளம் போட்டார்.

பாட்டு முடிந்ததும் ஃபாலானிகோ பக்கம் திரும்பினார்.

"கேட்டியாடா? இதுக்குப் பேருதான் குரல். நீ தலைகீழா நின்னாலும் உனக்கு வருமா?"

"வராதுண்ணே," என்றார் ஃபாலானிகோ. அழித்தது தப்புதான், மன்னித்துவிடுங்கள் என்றும் சொன்னார்.

பெண்கள் வரிசையில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

பெனியாமினா பெரியமனசு பண்ணினார். ஃபாலானிகோவின் தோளில் கைபோட்டு, "சரி விடு, கப்பல்ல என் பக்கத்துலயே உக்காரு. ரெண்டு நுணுக்கம் சொல்லித் தரேன்," என்றார்.

எல்லோரும் போனபிறகு போதகர் நிம்மதியாகக் கூடத்தைப் பூட்ட வந்தார். "எப்படிம்மா அழிச்சதைத் திருப்பிக் கொண்டுவந்தே?" என்று லாங்கியிடம் கேட்டார்.

லாங்கி தன் போனில் எதையோ தேடி அவர் காதருகே வைத்தார்.

ரிப்பேரான படகு மோட்டார் இருமுவதுபோல ஒரு சத்தம். ராகம் ஒரு பக்கம் போக, பாடுகிறவர் இன்னொரு பக்கம் போய்க்கொண்டிருந்தார். போதகர் காதை விலக்கிக்கொண்டார்.

"யாரும்மா இது?"

"பெனியாமினா அண்ணன்தான். அவர் பாடினது என் போன்ல மட்டும் இருக்கு. அவருக்குக் காது மந்தமாயிடுச்சு பாஸ்டர், அது அவருக்கே தெரியல. குழுவா பாடும்போது ஃபாலானிகோ அண்ணன் பக்கத்துல நின்னு சத்தமா பாடி மூடிடுவார். டிஸ்க்கை வைஃபைல போட்டதும் இவர் குரல் மட்டும் தனியா மாட்டிக்கிச்சு. வாலிபால் ஆட வந்தவங்க போன்ல அதை வெச்சு வெச்சுச் சிரிச்சாங்க. அதைப் பாத்துட்டுத்தான் ஃபாலானிகோ அண்ணன் அழிச்சார்."

"இதை என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"நான் சொல்றேன்னுதான் சொன்னேன். ஃபாலானிகோ அண்ணன்தான், என்னைத் திருடன்னு சொன்னா ரெண்டு வாரத்துல மறந்துடுவாங்க, அண்ணனைப் பாடத் தெரியாதவர்னு சொல்லிட்டா அவர் சபைக்கே வரமாட்டார்னு என் வாயை அடைச்சுட்டார்."

போதகர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அப்போ இன்னிக்கு நாம கேட்டது?"

"ஃபாலானிகோ அண்ணன் பாடினது. பெனியாமினா அண்ணன் பேர்ல போட்டுடச் சொன்னார்."