அப்பாவின் ஏழாம் எண்

செப்டம்பர் 19, வெள்ளி. ரோனா பையிலிருந்து உருவியது தவறான மட்டை.

பழைய ஏழாம் எண்ணை எடுப்பதாகத்தான் நினைத்தாள்.

வேலை முடிந்து நேராக வந்து, கோல்ஃப் பயிற்சித் திடலின் ஓரத்தில் இரண்டு பைகளையும் சாய்த்து வைத்திருந்தாள். ஒன்றில் அவளுடைய புதிய இரும்பு மட்டைகள். மற்றதில் அப்பா டூகல் கொடுத்துவிட்ட பழையவை. வாராவாரம் ஆட எது தோது என்று இன்று முடிவு செய்துவிட வேண்டும். இரண்டையும் வைத்துக்கொள்ள அவள் அறையில் இடமில்லை.

மட்டையின் எண் குறையக் குறையப் பந்து தூரம் போகும். அதனால் ஏழுக்கு ஏழு. அதுதான் நியாயமான சோதனை என்று அவளுக்குத் தோன்றியது.

புதிய ஏழுக்குத் தடித்த முதுகு. கொஞ்சம் பிசகி அடித்தாலும் பொறுத்துக்கொள்ளும். பழைய ஏழு கத்தியலகு போல மெலிந்தது. பிசகினால் விரல் நுனிவரை விண்ணென்று தெறிக்கும். சரியாகப் பட்டால் பந்தை அடித்ததே கைக்குத் தெரியாது.

ஆனால் எவ்வளவு சரியாகப் பட்டாலும் பழைய ஏழின் பந்துகள் தூரம் போகாமல் முன்னாலேயே விழுந்தன.

எதிர்பார்த்ததுதான். அப்பாவுக்கும் அப்படித்தான் விழுந்தது.

அடுத்த பந்து மட்டும் பறந்தது. போய்ப் புதிய ஏழின் பந்துகளுக்கு நடுவில் உட்கார்ந்தது.

கை பழகிவிட்டது என்று ஒரு கணம் பூரித்தாள். பிறகு மட்டையைத் திருப்பினாள். அடியில் தேய்ந்துபோய்க் கிடந்த எண், ஐந்து.

சந்தேகம் வந்தால் ரோனாவை அது விடாது. பழைய ஐந்தையும் புதிய ஏழையும் அருகருகே புல்லில் நிறுத்தி, குனிந்து பக்கவாட்டில் பார்த்தாள்.

இரண்டுக்கும் ஒரே சாய்வு.

புதியதைச் செய்தவர்கள் பந்து தூரம் போகட்டும் என்று மட்டையின் முகத்தை நிமிர்த்திவிட்டு, எண்ணை மட்டும் பழையபடி விட்டுவைத்திருக்கிறார்கள். அவளுடைய ஏழு, அப்பாவின் ஐந்து.



போன வருடக் கோடை. பதினோராம் குழிக்கு ஓடையைத் தாண்டி அடிக்க வேண்டும். எந்த மட்டை என்று எதிராளியிடம் கேட்கக் கூடாது, அது விதி. ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்ளலாம், அது வழக்கம். அதனாலேயே அப்பா எப்போதும் எண்ணைக் கால்சட்டையோடு ஒட்டி மறைத்துக்கொள்வார்.

அந்தக் கோடையில் மறைக்கவில்லை. அவள் ஏழாம் எண்ணால் தாண்டியதும், தானும் ஏழாம் எண்ணை எடுத்து, அவள் கண்ணில் படும்படி நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பந்து ஓடையில் விழுந்தது. அடுத்த ஞாயிறும் விழுந்தது. அதற்கடுத்த ஞாயிறும்.

“கை ஓஞ்சுபோச்சுன்னு ஒத்துக்கயேம்ப்பா. அந்த ஓடையில இருக்கிற வாத்தெல்லாம் உன் பந்தை முட்டைன்னு நெனச்சு அடைகாக்குது.”

“ஓஞ்ச கைக்கு எதுக்குடி சங்கத்துல ஒரு இடம்?” என்று அவர் சிரித்தார்.

அவளும் சிரித்தாள். தோற்றவர் வாங்கித்தர வேண்டிய பியரைக் குடித்துக்கொண்டே, சங்கக் கூடத்தில் எல்லோருக்கும் அந்த வாத்துக் கதையைச் சொன்னாள். செயலாளர் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

இலை உதிரும்போது அப்பா உண்மையாகவே சங்கத்திலிருந்து விலகிவிட்டார். “பிடிக்கலேன்னா பட்டாணிக் கொடிக்குக் கொம்பா நட்டுக்க” என்று பையை அவள் பக்கம் தள்ளினார். இப்போது ஞாயிறுகளில் ரோனா மட்டும் வருகிறாள். கூப்பிட்டால் புண்படுவார் என்று கூப்பிடுவதில்லை.

கை ஓயவில்லை. அது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்த வாரம்கூடக் கற்பலகைகளைத் தோளில் சுமந்து ஏணியேறிக் கூரை போட்டவர் அவர். அவள் எண்ணை நம்பினாள். அவரையும் நம்ப வைத்துவிட்டாள்.

இன்றே போய்ச் சொல்லிவிட வேண்டும்.

எப்படித் தொடங்குவது என்று யோசித்தபடி ஐந்தாம் எண்ணைத் துணியால் துடைத்தாள். கைப்பிடிக்குக் கீழே, தண்டைச் சுற்றி அழுக்கேறிய ஒட்டுப்பட்டை ஒன்று இருந்தது. கீறலை மறைக்கச் சுற்றியது என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாள். அழுக்குப் போனதும் எழுத்துத் தெரிந்தது. கூரைப் பலகையில் அப்பா குறி போடும் அழியாத மை.

ரோனா 7.

ஆறாம் எண்ணை உருவித் துடைத்தாள். ரோனா 8.

ஏழாம் எண்ணின் பட்டையை மெதுவாகத் துடைத்தாள். ரோனா 9.

மை மங்கியிருந்தது. அவள் புதிய மட்டைகளை வாங்கிய முதல் கோடையிலேயே எழுதியிருக்க வேண்டும். அந்தக் கோடை முழுக்க அப்பாவின் பந்து ஒன்றுகூட ஓடையில் விழவில்லை என்பது இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

விழத் தொடங்கியது அதற்கு அடுத்த கோடையில். சங்கத்தில் இடம் கேட்டுக் காத்திருப்பவர்களின் வரிசையில் அவள் பெயர் எங்கே இருக்கிறது என்று செயலாளர் சொன்ன பிறகு. நாற்பது வயதுக்குள் கிடைத்தால் அதிர்ஷ்டம் என்றார் அவர். அப்பா விலகும்வரை ரோனா அவருடைய விருந்தாளியாகத்தான் ஆடிக்கொண்டிருந்தாள்.

நெடுநாள் உறுப்பினர் ஆட முடியாமல் போய் விலகினால், அந்த இடம் வரிசையைத் தாண்டி அவர் பிள்ளைக்குப் போகும்; ரோனாவுக்கு வந்ததும் அப்படித்தான். ஆட முடிகிறவர் கொடுக்க முடியாது. கொடுத்தது திரும்பியும் வராது.

ஆட முடியாது என்பதற்கு ஊரறியச் சாட்சி சொன்னவள் அவள்தான்.

அப்பாவிடம் போய்ச் சொல்ல இப்போது ஒன்றுமில்லை. அவருக்குத் தெரியாதது எதுவும் அவளிடம் இல்லை.

பந்துகளைப் பொறுக்கினாள். எது எந்த மட்டையின் பந்து என்று பிரிக்கவில்லை. இரண்டு பைகளையும் இரண்டு தோளிலும் மாட்டிக்கொண்டாள்.

நாளை, சனி: செயலாளர் அறை திறந்ததும் ஞாயிற்றுக்கிழமைக்கு விருந்தாளிச் சீட்டு ஒன்று எடுக்க வேண்டும். விருந்தாளியின் பெயர், டூகல் ராட்ரே.