பிறந்த வீட்டுக் கல்

ஸ்காட்லாந்தில் ஒரு குவாரி. அங்கே பல் தேய்ந்துபோன கல்லுடைக்கும் இயந்திரம் ஒன்று, "என்னை வார்த்த தொழிற்சாலைதான் எனக்குப் பிறந்த வீடு. புதுப் பல் அனுப்பாமலா இருப்பாங்க?" என்று வருகிற கல்லிடமெல்லாம் சொல்லும்.

ஒருநாள் லாரி கொட்டிய குவியலில் கரி படிந்த கல் ஒன்று கிடந்தது.

"நீ மலைக்கல் மாதிரி தெரியலையே?"

"நான் சுவர்க்கல். உன்னை வார்த்த உலைக்குப் பக்கத்துல நின்னவன். நீ முதல்முதலா ஓடினப்போ நானும் அதிர்ந்தேன்."

இயந்திரத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அப்படியா! என் பல் எப்போ வருது?"

"தொழிற்சாலையையே இடிச்சாச்சு. அந்த இடத்துல கார் நிறுத்தப் போறாங்களாம். தரைக்கு ஜல்லி வேணுமாம்."

இயந்திரம் வாயை மூடிக்கொள்ளப் பார்த்தது. அதற்குள் யாரோ சுவிட்சைப் போட்டுவிட்டார்கள்.

"பாத்து மெல்லு," என்றது கல், உள்ளே சரிந்துகொண்டே. "இனி உனக்கு வேற பல் கிடையாது."