கடைத்தெருவுக்கு மேலால் ஒரு நீச்சல்

“ஒரு பஸ் நிலையம், ரெண்டு புடவைக்கடை, ஒரு பேக்கரி, அதுக்கப்பால எங்கட வீடு. எல்லாத்துக்கும் மேலால நான் நீந்திப் போகப்போறேன், பாருங்க,” என்றார் மஸாஹிரா, நீச்சல் குளத்தின் ஆழமில்லாத பக்கத்தில், இடுப்பளவு தண்ணீரில், இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு.

பெண்களுக்கான நேரத்துக்கு வந்திருந்த அத்தனை பேரும் சிரித்த சிரிப்பில் பயிற்சியாளர் நிலூஷாவின் விசில் சத்தமே காணாமல் போனது. அறுபதைத் தாண்டிய மஸாஹிரா, சேர்ந்த முதல் மாதத்திலேயே குளத்தில் பாதியைக் குடித்துத் தீர்த்தவர். மீதிப் பாதியைக் காலால் அடித்து வெளியே இறைத்தவர்.

பன்வில ஊர்க்காரியான நிலூஷாவுக்கு விஷயம் பிறகுதான் விளங்கியது. மஸாஹிராவின் ஊர் பழைய தெல்தெனிய. விக்டோரியா அணை வந்தபோது கடைத்தெருவோடு தண்ணீருக்கடியில் போன ஊர். தோளைத் தூக்க முடியாமல் போவதற்குள் ஒரே ஒரு தடவை, தன் கைகாலாலேயே அதற்கு மேலே போய்விட வேண்டும். அந்த ஒன்றுக்காகத்தான் பிலிமத்தலாவையிலிருந்து பஸ் ஏறிக் கண்டிக்கு வருகிறார்.

வாசலில் காத்திருக்கும் கணவர் மர்சூக்குக்குத் துளியும் நம்பிக்கை இல்லை.

“மிஸ், இவக்குக் கொஞ்சம் புத்தி செல்லுங்க. அங்க போய்ச் சேர மாட்டா. பாதி வழியிலயே ‘போய்ச் சேந்துருவா’.”

“நீங்க படகில பின்னால வாங்க. மவுத்தானா அள்ளிட்டுப் போகலாம்,” என்றார் மஸாஹிரா.

“எனக்கு ஈக்கிறது மூணு பொடியன்மார். மூணும் வெளிநாட்டுல. உன்னத் தூக்க ஆளுக்கு எங்க போறது?”

நிலூஷா சமாதானம் பேசிப் பார்த்தாள். “ஆன்ட்டி, உங்களுக்குத் தவளை நீச்சல் லேசு. தலைய மேல வச்சிக்கிட்டே போகலாம்.”

“வேணாம் புள்ள. மூஞ்சி கீழ பாக்குற நீச்சல்தான் எனக்கு வேணும்.”

வயதான பின் ஃப்ரீஸ்டைல் பழக வருபவர்கள் எல்லோருக்கும் முகத்தைத் தண்ணீருக்குள் வைப்பதுதான் பயம். மஸாஹிராவோ வைத்த முகத்தை எடுப்பதில்லை. மூன்று வீச்சுக்கு ஒரு தடவை பக்கவாட்டில் திரும்பி மூச்சு எடுக்கச் சொன்னால், குப்புறக் கிடந்து குமிழி குமிழியாய் விட்டுக்கொண்டிருப்பார்.

“ஆன்ட்டி, தண்ணிக்குள்ள மூச்ச ஊதித்தான் விடணும். பேசக் கூடாது.”

“பேசல்ல புள்ள. பேசப் பழகுறேன்,” என்று மறுபடி முங்கிவிட்டார்.

முழங்கையை உயர்த்து, இடுப்பை உருட்டு, கால் முட்டியை மடக்காதே என்று நிலூஷா தொண்டை கிழியக் கத்தினாள். “என்ட முட்டி மடங்கியே வருஷக்கணக்காச்சு” என்றார் மஸாஹிரா. ஒரு நாள் மூச்சும் வீச்சும் ஒன்றாய் வந்து எதிர்ச் சுவரைத் தொட்டார். கைதட்டல் கடுகண்ணாவை வரைக்கும் கேட்டது. வாசலில் நின்ற மர்சூக் மட்டும், “குளத்துக்குச் சுவர் ஈக்குது. அங்க எதப் பிடிக்கிறது?” என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நீர்த்தேக்கத்தில் காற்றே இல்லை. மஸாஹிரா இடுப்பில் மிதவையைக் கட்டிக்கொண்டு கரையிலிருந்து நீந்தினார். பக்கத்திலேயே ஒரு மீன்பிடிப் படகு. அதில் படகோட்டி, நிலூஷா, மர்சூக்.

“இப்ப பஸ் நிலையம்,” என்றார் மர்சூக், தண்ணீரைக் காட்டி. “இது புடவைக்கடை. பேக்கரி வந்துட்டுது, பாண் வாசம் அடிக்குதா மிஸ்? இன்னா, எங்கட வீடு. இதோட களைச்சிருவா, பாருங்க.”

மஸாஹிரா நிற்கவில்லை. நிலூஷா எழுந்து நின்று கூப்பிட்டாள். “ஆன்ட்டி, வீடு தாண்டிப் போறீங்க. நில்லுங்க.”

கை மாறிக் கை வீசிக்கொண்டே போனார். மர்சூக் படகில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தப் பக்கத்து மலையையும் இந்தப் பக்கத்து மலையையும் மாறி மாறிப் பார்த்தவர், திடீரென்று கையை உயர்த்தினார். படகு நின்றது. அந்தக் கையைக் கண்டு மஸாஹிராவும் நின்றார். கைகளை விரித்து, முகத்தைக் கவிழ்த்து, அசையாமல் மிதந்தார். அவர் தலையைச் சுற்றிக் குமிழிகள் வந்து வந்து உடைந்தன.

நிலூஷா குதிக்கப் போனாள். மர்சூக் துடுப்பைக் குறுக்கே நீட்டினார்.

“இரிங்க மிஸ். சலாம் செல்லட்டும்.”

“வீடு பின்னாலயே போயிருச்சே அங்கிள். இங்க என்னா இருக்கு?”

“ஊர் மையவாடி. மவுத்தானவங்கள அடக்குற எடம்.” தலைத் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். “எங்கட வழக்கத்தில பொம்புளைங்க அங்க போற இல்ல. அன்டைக்கு நான்தான் வெள்ளைத் துணியில சுத்தி, ரெண்டு கையிலயும் ஏந்திக் கொண்டுபோனேன். இவ வீட்டு வாசலோட நின்டுட்டா. எந்தப் பக்கம் வச்சீங்க, எந்தப் பக்கம் வச்சீங்கண்டு கேட்டுக்கொண்டே ஈந்தா. பொறகு தண்ணி வந்துட்டுது. இப்ப மதிலும் இல்ல, கதவும் இல்ல.”

மஸாஹிரா தலையைத் தூக்கி, ஒரு மூச்சு எடுத்து, மீண்டும் முகத்தைக் கவிழ்த்தார்.

மர்சூக் படகின் விளிம்பில் குனிந்தார். கையைத் தண்ணீருக்குள் விட்டு, அடியில் யாரோ தூங்குவதுபோல் மெதுவாகச் சொன்னார்.

“மகள், உம்மா வந்துட்டா.”