மாஸ்டரின் பேணி

பேணி மேசைக்கு வந்ததும் மண்டபம் எழுந்து நின்றது.

லேபிள் இல்லாத பழைய ரின்பால் பேணி, வாய் வெட்டிய தகர டப்பா. பாலாம்பிகை அதைத் துவாயில் சுற்றி, தோர்ண்டன் ஹீத்திலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள்.

லண்டன் டூட்டிங்கில் ஒரு பலசரக்குக் கடைக்கு மேலே, கணேசலிங்கம் மாஸ்டரின் இரண்டாம் ஆண்டு நினைவுக் கூட்டம். மாஸ்டரின் பேணியை மறக்காமல் கொண்டுவரச் சொல்லிச் செயற்குழு மூன்று தரம் போன் எடுத்திருந்தது. மாஸ்டரின் மனைவி பாலாம்பிகையிடம் இருந்தது ஒரேயொரு பேணிதான். அதைக் கொண்டுவந்தாள்.

பேணியின் கதை சபைக்கு மனப்பாடம். ஊர்த் தேத்தண்ணிக் கடைகளில் மாஸ்டரின் சாதி ஆட்களுக்குக் கிளாஸ் கிடையாது. வெட்டிய ரின்னில்தான் தேத்தண்ணி. அதையும் வெளியே குந்தியிருந்துதான் குடிக்க வேண்டும். சின்ன வயதில் ரின் விளிம்பு கிழித்த தழும்பு, மாலை போட்ட படத்திலும் மாஸ்டரின் மேலுதட்டில் தெரிந்தது.

அறுபதுகளின் கடைசியில் ஒருநாள், மாஸ்டர் பேணியோடு கடைக்குள்ளே போய், வாங்குப் பலகையில் அமர்ந்து, கிளாஸ் கேட்டார். முதலில் அடி வந்தது. பிறகு கிளாஸ் வந்தது. அதற்கும் பிறகு கோயில் கதவு திறந்தது.

செயற்குழு யோகராஜா பேணியின் நெளிவைத் தொட்டுக் காட்டி, பொலிஸ்காரனின் தடி விழுந்த இடம் என்றார். தலைவர் ஸ்ரீஸ்கந்தராஜா விடவில்லை. கடைக்காரனின் உலக்கை என்றார்.

உலக்கை விழுந்த பேணி அப்பளமாகியிருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. சரித்திரத்தில் வருஷத்துக்கு வருஷம் தடி தடிக்கும்.

தலைவர் விளிம்பைச் சுற்றி விரலை ஓடவிட்டார். வழவழவென்றிருந்தது.

"மூண்டு தலைமுறையின்ரை உதடு பட்டுத் தேய்ஞ்ச விளிம்பு," என்றார் தழுதழுத்து.

தகரத்தைத் தேய்க்கும் உதடுகள். மண்டபம் கைதட்டியது. பாலாம்பிகை கையை மடியில் வைத்திருந்தாள்.

சண்டை விளக்கில் தொடங்கியது.

விளக்கை மகன் ஏற்ற வேண்டும். மகன் சுபாஸ்கரன் கடைசி வரிசையில் இருந்தான். 'நீதான் ஏத்துறாய்' என்று அவனை வரச் சொன்னவள் தாய்தான். ஆனால் போன மாசம் அவன் கவுன்சில் ஒபிஸுக்குப் போய், கிரஹாம் என்ற ஆம்பிளையைத் தன் துணையாகப் பதிந்துவிட்டு வந்திருந்தான். அப்படிப் பதியலாமென்ற சட்டம் வந்து இன்னும் சூடு ஆறவில்லை. டூட்டிங் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தது.

மாஸ்டர் திருநீறு பூசாமல் படலை தாண்டாத மனுசன் என்றார் தலைவர். கோயிலுக்குள்ளே போனது சாமி கும்பிட. அப்படிப்பட்டவர் இதற்கு ஓம் என்றிருப்பாரா?

"என்ன அண்ணை விசர்க்கதை?" யோகராஜா கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். "அவர் கோயிலுக்குப் போனது கதவைத் திறக்க. கும்பிட்டது போன இடத்திலை சும்மா. இண்டைக்கு இருந்தால் பெடியனுக்குத் தாலி எடுத்துக் குடுத்திருப்பார்."

"அதை ஆர் ஆருக்குக் கட்டுறது? முதல்லை அதைச் சொல்லும்!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. சுபாஸ்கரன் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மாஸ்டர் பக்தர். மாஸ்டர் நாத்திகர். மாஸ்டர் மன்னித்திருப்பார். மாஸ்டர் தலைமுழுகியிருப்பார். உயிரோடு இருந்தபோதுகூட அந்த மனுசன் ஒரு பின்னேரத்தில் இவ்வளவு பேசியதில்லை.

கடைசியில் தலைவருக்கு, மேடையில் ஒரு பொம்பிளை இருப்பது ஞாபகம் வந்தது.

"அக்கா, நீங்களே சொல்லுங்கோ. மாஸ்டர் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்?"

மைக் அவள் முன்னால் வந்தது. ஓம் என்றால் மகன் விளக்கேற்றுவான். இல்லையென்றால் அடுத்த பஸ்ஸில் போய்விடுவான், பிறகு வரமாட்டான். பாலாம்பிகைக்கு அது நன்றாகத் தெரியும்.

அவள் படத்தைப் பார்க்கவில்லை.

"அந்தப் பேணியைக் கேளுங்கோ," என்றாள்.

யோகராஜா துள்ளினார்.

"கேட்டியளோ! ஒரு மனுசனுக்குத் தனிப் பேணி வைக்கிறவன் மனுசனே இல்லை எண்டு சொல்லுறா!"

கைதட்டலில் கூரை அதிர்ந்தது. தலைவரும் தட்டினார், தட்டாமல் இருந்தால் கடைக்காரன் பக்கம் நிற்பதாகிவிடும். சுபாஸ்கரனுக்கு வழி விட்டார்கள். ஒருவர் தோளில்கூடத் தட்டிக் கொடுத்தார்.

அவன் மேடையேறி நெருப்புப்பெட்டியை எடுத்தான். அப்போதுதான் பேணியைக் கிட்டத்தில் கண்டான். நெளிவைத் தடவினான்.

"அம்மா, இதை இன்னும் எறியேல்லையோ?"

"உன்ரை பேணியை நான் எப்பிடி எறியிறது?"

மைக்கைத் தள்ளி வைத்திருந்தார்கள். ஒருவருக்கும் கேட்கவில்லை.

ஊர்ப் பேணி இடப்பெயர்வில் எங்கேயோ தொலைந்துபோயிற்று. இது தோர்ண்டன் ஹீத் குசினியில், மற்றக் கோப்பைகளோடு சேராமல் யன்னலோரம் கவிழ்ந்து கிடந்தது. கிரஹாமைப் பற்றி மகன் வாய் திறந்த நாளிலிருந்து, தகப்பனைப் பார்க்க வந்தால் அவனுக்குத் தேத்தண்ணி அதில்தான். ஒருநாள் அவன் அதைச் சுவரில் எறிந்தான். அந்த நெளிவுதான் பொலிஸ்காரனின் தடி.

விளிம்பு மாஸ்டரின் கைவேலை. மகனுக்கென்று அவரே ரின்னை வெட்டிய அன்று, பின்னேரம் முழுக்க யன்னலடியில் இருந்து, விரலால் தடவித் தடவி அரத்தால் ராவினார்.

பெடியனின் உதடு கிழியக்கூடாதாம்.