பழைய ஆபீஸ் பெயர்

“பேரு சரி, பாஸ்வேர்டும் சரி. @-க்கு அப்புறம்தான் மேடம் தப்பு. ஆபீஸ் பேரு மாறியும் இன்னும் பழைய பேரையே போடறீங்க.”

சொல்லிச் சொல்லி நெட்வொர்க் இன்ஜினியருக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

“பழகின கை தம்பி, தானா போயிடுது,” என்றாள் சூப்பர்வைசரம்மா.

“சாவி சரிதான். ஆனா காலி பண்ணின வீட்டுக் கதவைப் போய்த் திறக்கறீங்க. மூணு தடவை அப்படிப் பண்ணா இந்த ரூம் மொத்தத்துக்கும் லைன் கட்டாயிடும். வர கால் மணி நேரம் ஆகும்.”

அது மேனேஜரே போடச் சொன்ன பாதுகாப்பு. டேட்டா என்ட்ரி அறையில் தினமும் பிற்பகல் மூன்றரைக்கு லைன் போகும், வேலை நிற்கும். மேனேஜர் குட்டி போட்ட பூனை மாதிரி உலாத்துவார்.

“அந்தம்மா மண்டையில ஏறவே ஏறாதா? நாளைக்கும் இப்படி ஆச்சுன்னா வீட்டுக்குப் போக வேண்டியதுதான்,” என்றார் அன்று.

இன்ஜினியருக்குப் பாவமாக இருந்தது. மறுநாள் காலை சர்வரில் ஒரு திருத்தம் செய்தான். பழைய ஆபீஸ் பெயரைப் போட்டால் அதுவே புதுசாக மாற்றிக்கொள்ளும்.

“இனிமே கவலையே வேணாம் மேடம். நீங்க எப்படி அடிச்சாலும் திறக்கும்.”

அவள் முகம் என்னவோபோல் ஆயிற்று. ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. இந்த அம்மாவுக்குப் போய் உதவினோமே என்று எரிச்சலாக வந்தது அவனுக்கு.

மூன்றரை தாண்டியும் லைன் ஜோராக ஓடியது. கேபிள் பார்க்கப் பின்படிக்கட்டுக்குப் போனான். அங்கே ஒருவன் கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தான். குழந்தை வீறிட்டு அழுதது.

“யாரைப் பார்க்கணும்?”

“என் சம்சாரம் உள்ள டைப் அடிக்கிறா சார். குழந்தைக்குப் பால் குடுக்கணும். கொஞ்ச நேரம் வெளிய விடுங்கன்னு கேட்டா, மேனேஜர் முடியாதுன்னுட்டாரு. தினம் இந்நேரத்துக்கு லைன் கட்டாகும், அப்ப குழந்தையைக் கொண்டாங்கன்னு சூப்பர்வைசரம்மாதான் சொன்னாங்க. இன்னிக்கு என்னன்னு தெரியல.”

இன்ஜினியர் மேலே ஏறினான். காலையில் சர்வரில் செய்த திருத்தத்தை நீக்கினான். டேட்டா என்ட்ரி அறையில் ஒரு காலி நாற்காலியில் உட்கார்ந்து, தன் பெயருக்குப் பின்னால் பழைய ஆபீஸ் பெயரை அடித்தான். மூன்று தடவை.

லைன் போயிற்று. கடைசி வரிசைப் பெண் எழுந்து ஓடினாள்.

மேனேஜர் வந்து நின்றார். “மறுபடியும் அந்தம்மாவா?”

“இல்ல சார், நான்தான்,” என்றான் இன்ஜினியர். “பழகின கை. தானா போயிடுது.”