பற்றரி தின்னும் பெட்டி

"இதத் திருத்துறதும் ஒண்டுதான், ஆத்துல போடுறதும் ஒண்டுதான் அக்கா" என்றான் மஜீட்.

மங்கையற்கரசி அதைக் காதில் வாங்கவில்லை. மேசையில் வைத்த ரேப் ரெக்கோடரைச் சுற்றியிருந்த கயிற்றை அவிழ்ப்பதிலேயே கண்ணாக இருந்தாள். கைப்பிடி உடைந்து, மூடி கழன்று, கயிற்றின் தயவில்தான் அந்தப் பெட்டி ஒரு பெட்டியாக இருந்தது. வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையிலிருந்து அதைத் தலையில் சுமந்து வந்திருந்தாள்.

"எப்படியும் இது பாட வேணும் தம்பி. பின்னேரத் தோணிக்கு நான் போகணும். மகள் கண்ணகைக்கு இது நிறைமாசம். காலையிலயே இடுப்பு நோகுது எண்டவள்."

மஜீட் நிமிர்ந்து பார்த்தான்.

"நோவெடுத்த பிள்ளைய விட்டுப்போட்டா இஞ்ச வந்து நிக்கிறீங்க?"

"இது பாடாம நான் அங்க போய் என்ன செய்யிற?"

மட்டக்களப்புச் சந்தைக்குப் பக்கத்தில் கடை போட்ட நாளிலிருந்து பாட்டுக் கிறுக்குப் பிடித்தவர்கள் எத்தனையோ பேரை மஜீட் பார்த்திருக்கிறான். மகள் வலியில் கிடக்கப் பாட்டுப் பெட்டியோடு வாவி கடந்த தாயை இன்றுதான் பார்க்கிறான். உள்ளுக்குள் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் எரிச்சலைக் காட்டினால் கடை நடக்காது. கண்ணாடி அலுமாரியைத் திறந்து, உள்ளங்கைக்குள் அடங்கும் புதிய பெட்டி ஒன்றை எடுத்து முன்னால் வைத்தான்.

"இதப் பாருங்க. புதுசு. இடுப்புல சொருகிக்கிட்டே போகலாம். பாரமே இல்ல."

"பாரம் எனக்குப் பரவால்ல."

"பாரத்த விடுங்க. இதுக்கு ரெண்டே ரெண்டு சின்னப் பற்றரிதான். உங்கடது பெரிய பற்றரி ஆறு தின்னும். அங்கால பற்றரி கொண்டுபோக ஆமி விடுறல்ல எண்டு எனக்கும் தெரியும்தானே. அதுக்காகத்தான் சொல்றன். பற்றரி இல்லாத ஊர்ல இந்தத் தீனிப் பண்டாரத்த வெச்சு என்ன செய்யப் போறீங்க?"

அவள் புதிய பெட்டியை வாங்கினாள். பின்பக்க மூடியைத் திறந்து, பற்றரி போடும் குழிக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தாள்.

"ரெண்டுதான் போடலாமா?"

"ரெண்டேதான்" என்றான் மஜீட் பெருமையாக.

"அப்ப வேணாம்."

சாமானில் குறை கண்டு வேண்டாம் என்பவர்கள் உண்டு. விலை கேட்டு மயங்குகிறவர்களும் உண்டு. சாமானின் நல்ல குணத்தைக் கேட்டு வேண்டாம் என்றவள் இவள்தான். மஜீட் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுப் பழையதைக் கழற்றினான்.

"மோட்டர் சுத்துது. ரப்பர் வார்தான் அறுந்துபோச்சு. இதுக்கு அளவான வார் இப்ப எங்கயும் இல்ல."

"வேறொண்டுட வாரப் போடுங்க."

"போடலாம். ஆனா இழுக்கும். பாடுறவர் ஒப்பாரி வைக்கிற மாதிரித்தான் கேக்கும்."

"ஒப்பாரியும் பாட்டுத்தானே தம்பி."

செத்துப்போன வேறொரு பெட்டியிலிருந்து வாரை உருவி எடுத்து மஜீட் மாட்டத் தொடங்கினான். அவள் பக்கத்துக் கடைக்குப் போய் ஆறு பெரிய பற்றரிகளோடு திரும்பி வந்தாள். வெயில் தெருவின் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டதை இரண்டு தரம் எட்டிப் பார்த்தாள். பற்றரிகளைப் போட்டு ஆளியை அழுத்தியதும் சக்கரம் முக்கி முனகிச் சுற்றியது.

"கசெற் ஒண்டு சும்மா தாறன். என்ன பாட்டு விருப்பம்? சாமிப் பாட்டா?"

"சிங்களப் பாட்டு இரிக்கா?"

மஜீட்டின் கை நின்றது.

"உங்களுக்குச் சிங்களம் விளங்குமா அக்கா?"

"எனக்கு விளங்கத் தேவல்ல. துறையடிச் சென்றியில காவல் நிக்கிற ஆமிக்காரப் பொடியனுக்கு விளங்கினாச் சரி."

அவள் பெட்டியை மறுபடி கயிற்றால் கட்டத் தொடங்கினாள். கட்டிக்கொண்டே, யாருக்கோ சமையல் சொல்வதுபோலச் சொன்னாள்.

"பற்றரியத் தனியக் கொண்டுபோனாப் பறிச்சுருவாங்க. பாடுற பெட்டிக்குள்ள கிடந்தா விட்டுருவாங்க. போன கிழமை இந்தச் சனியன் அவங்களுக்கு முன்னால பாடல்ல. ஆறையும் எடுத்துப்போட்டு வெறும் பெட்டியத் தந்தாங்க. மருத்துவிச்சிட டோர்ச் லைட்ல பற்றரி செத்து மூணு மாசம். குப்பி விளக்குல பிள்ள பெத்து, இரத்தம் போறது தெரியாம ஒருத்தி போயிட்டாள். இந்த ஆறுல ரெண்டு கண்ணகைக்கு. ரெண்டு இரத்தினம்மாட மருமகளுக்கு. ரெண்டு சின்னத்தங்கத்துட மகளுக்கு. அதுக்குப் பிறகும் மூணு நாலு பேர் வயித்தத் தள்ளிக்கிட்டுத் திரியிறாளுகள்."

மஜீட் புதிய பெட்டியை எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினான். திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனான். திரும்பி வந்தபோது, தூசி மண்டிய, மூட்டை அளவு பெரிய பழைய பெட்டி ஒன்றை இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டு வந்தான்.

"இது பத்துத் தின்னும் அக்கா. தோணிக்காரன மட்டும் கொஞ்சம் நிக்கச் சொல்லுங்க, பாட வெச்சுத் தாறன்."